வினிபிரட் ரீச்சரின் இரண்டாம் சாட்சி

வினிபிரட் ரீச்சர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியது 1991ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில். பதினெட்டு வருடமாக அந்தக் கண்ணாடி இல்லாமல் அவர் ஊசியில் நூல் கோத்ததில்லை, அரிசியில் கல் பொறுக்கியதில்லை. அன்று காலை வேதாகமத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். அது கைக்கு அகப்படுவதற்குள் கண் தானாகவே இரண்டு வசனங்களை வாசித்து முடித்திருந்தது.

"இஞ்சேருங்கோ, இதிலை ஒருக்கா வாங்கோ. நான் கண்ணாடி போடேல்லை. பாருங்கோ, வாசிக்கிறன்."

கணவர் கிளரன்ஸ் வந்தார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். எதையும் இரண்டு தரம் தட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைப்பார்.

"உது நீர் பாடமாக்கின வசனம்," என்று சொல்லி, எண்ணாகமத்தில் யாருமே வாசிக்காத பெயர்ப்பட்டியல் ஒன்றைப் புரட்டிக் கொடுத்தார். ரீச்சர் அதையும் ஓரிடம் தடக்காமல் வாசித்தார்.

"சரி, தெரியுது. ஆனா ஏன் தெரியுதெண்டு விளங்கேல்லையே," என்றார் கிளரன்ஸ்.

"ஏனெண்டு கேக்கிறதே பிழை."

அந்த வாரமே பெண்கள் ஐக்கியக் கூட்டம் வந்தது. நல்லூரில் அவர்களுடைய தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் மாதத்துக்கொரு தரம் பெண்கள் கூடுவார்கள். ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை ஆளுக்காள் எழுந்து சொல்வார்கள். அதற்குச் சாட்சி என்று பெயர். வழக்கமாக வரும் சாட்சிகள் சிறியவை: காணாமற்போன ஆடு திரும்பி வந்தது, மூன்று மாதத்துக்குப் பிறகு சுவிசிலிருந்து மகன் கடிதம் போட்டது. வினிபிரட் ரீச்சரின் சாட்சியைப் போல ஒன்றை அந்த மண்டபம் அதுவரை கேட்டதில்லை.

"விடிய ஜெபம், மத்தியானம் முருங்கையிலை. ஒரு நாள் விடேல்லை. அறுபது வயசிலை ஆண்டவர் எனக்குப் புதுக் கண் தந்திருக்கிறார்!"

பெண்கள் பாடசாலையில் முப்பத்துநாலு வருடம் சங்கீதம் படிப்பித்த குரல். கடைசி வாங்கில் தூங்கிக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்தார். சொன்ன கையோடு வெறுங்கண்ணால் ஒரு முழு அதிகாரத்தை வாசித்தும் காட்டினார். அந்தக் கூட்டத்தில் கைதட்டும் வழக்கம் இல்லை, அன்று தட்டினார்கள். முன்வாங்கில் இருந்த சுகிர்தம் அழுதேவிட்டார். சுகிர்தம் ரீச்சரை விட நாலு வயது இளையவர், தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். அவருக்கும் அப்போது கண் மங்கத் தொடங்கியிருந்தது.

"எத்தினை பிடி இலை, அக்கா? பால் விடுறதோ, வெறும் வறையோ?"

ரீச்சர் சொன்னதோடு நில்லாமல் ஒரு கடதாசியில் எழுதியும் கொடுத்தார்.

*

இருபத்திரண்டு வயதிலிருந்து தேவாலயத்து ஓர்கன் ரீச்சரின் பொறுப்பில் இருந்தது. காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஓர்கன். யுத்தத்தில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது எத்தனையோ இயந்திரங்கள் வாயை மூடிக்கொண்டன. ரீச்சரின் ஓர்கனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கலியாணமோ அடக்கமோ, அந்த வாங்கில் வேறு ஒருவர் இருந்து வாசித்ததாக யாருக்கும் நினைவில்லை. அவருக்குப் பிறகு ஓர்கனுக்கு யார் என்று போதகர் ஒரு தரம் கேட்டதற்கு, "ஏன் ஐயா, நான் எங்கை போறன்?" என்று திருப்பிக் கேட்டு அந்தக் கதையை அத்துடன் முடித்துவிட்டார்.

சாட்சி சொல்லி ஆறேழு மாதத்தில் எழுத்துக்கள் மறுபடி கலங்கத் தொடங்கின. ரீச்சர் விளக்கைக் குற்றம் சொன்னார். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு எரிக்கிற விளக்கில் யாருக்குத்தான் கண் தெரியும்? பகலிலும் கலங்கியபோது வெயிலைக் குற்றம் சொன்னார். ஊர் முழுவதும் இருட்டாய்க் கிடக்கையில், அதில் எவ்வளவு ஊரின் இருட்டு, எவ்வளவு தன் கண்ணின் இருட்டு என்று ஒருவர் எப்படிப் பிரித்தறிவது?

கிளரன்சின் வெள்ளைச் சட்டைகளிலும் அவருக்குக் குறை வந்தது. எவ்வளவு தோய்த்தாலும் மஞ்சளாகவே கிடந்தன.

"சவுக்காரம் சரியில்லை," என்று சொல்லிக்கொண்டு அலசுகிற தண்ணீரில் சொட்டு நீலத்தைக் கூட விட்டார். பிறகும் மஞ்சள். இன்னும் விட்டார். கிளரன்ஸ் அதையே போட்டுக்கொண்டு போனார்.

1992ஆம் ஆண்டு அறுவடைப் பண்டிகையில் விஷயம் வெளியே வந்தது. பலிபீடத்துக்கு முன்னால் பூசணிக்காயும் வாழைக்குலையும் வெங்காயப் பிடியும் குவிந்திருந்தன. போதகர் பாட்டின் இலக்கத்தைச் சொன்னார்: நூற்றுமுப்பத்தெட்டு. ரீச்சர் புத்தகத்தைப் பிரித்து, எட்டை மூன்றாகக் கண்டு, நூற்றெண்பத்தெட்டாம் பாட்டின் மெட்டை முழுத் தாராளத்தோடு மிதித்து எழுப்பினார். அது அடக்கத்துக்குப் பாடுகிற பாட்டு. அசைக்கணக்கு இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்ததால் சபையாரும் தப்ப வழியில்லாமல், நெல் விளைந்த சந்தோஷத்தைச் சொல்லும் வரிகளைப் பிரேதம் தூக்குகிற மெட்டில் ஐந்து சரணமும் பாடி முடித்தார்கள். ஒரு கிழவர் கையிலிருந்த தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் கிளரன்ஸ் சைக்கிளை மிதித்துக்கொண்டே கேட்டார்:

"என்ன காணும், இண்டைக்கு பூசணிக்காயை அடக்கம் பண்ணினீரோ?"

ரீச்சர் பின் கரியரில் இருந்தார். ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது சொன்னார்: "எனக்குத் தெரியேல்லை. விளக்கும் இல்லை, வெயிலும் இல்லை. எனக்குத்தான் தெரியேல்லை."

"அப்ப நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"போகலாம். ஆனா சாட்சி சொன்னனான் எல்லே? கண் டொக்டரின்ரை வாசலிலை என்னை ஆரும் கண்டால்?"

"வாசலிலை நிக்கிறவை எல்லாரும் கண் தெரியாத ஆக்கள்தானே," என்றார் கிளரன்ஸ்.

*

கண் டொக்டர் இளைஞர். சிறிய விளக்கொன்றைக் கண்ணுக்குள் பிடித்துப் பார்த்துவிட்டு, "நுங்கு சாப்பிட்டிருப்பியள்தானே, அம்மா?" என்று கேட்டார்.

"ஓம்."

"இளம் நுங்கு கண்ணாடி மாதிரி இருக்கும், அந்தப் பக்கத்தாலை விரல் தெரியும். முத்தினால் வெள்ளையாகிக் கல்லாகிவிடும். எங்கடை கண்ணுக்குள்ளையும் அப்பிடி ஒரு வில்லை இருக்கு. வயசு போகப் போக அது முத்தி மங்கும். வெளிச்சம் உள்ளை போகாது. கண்ணுக்கு மேலை படருற ஒண்டில்லை இது, உள்ளை இருக்கிறது. அதாலை மருந்து விட்டுக் கழுவேலாது. எடுக்கத்தான் வேணும்."

"ஆனா டொக்டர், போன வருசம் எனக்குக் கண் சுகமாகி வந்தது. கண்ணாடி இல்லாமல் வாசிச்சனான்."

"கிட்ட வாசிச்சியள். எட்டத்திலை?"

ரீச்சர் யோசித்தார். எட்டத்தில் இருப்பதைப் பார்க்கிற வேலை கிளரன்சினுடையது. ரீச்சர் எட்டத்தைப் பார்த்ததே இல்லை.

"வில்லை முத்துற தொடக்கத்திலை சில பேருக்கு இப்பிடி வாறது. உள்ளுக்கை ஒரு கண்ணாடி போட்டுவிட்ட மாதிரிக் கொஞ்சக் காலம் கிட்டத்துப் பார்வை திரும்பும். எட்டம் மங்கும். பிறகு இரண்டும் போகும். அது சுகம் வந்ததில்லை, அம்மா. வருத்தம் தொடங்கினது."

ரீச்சர் தன் சேலைத் தலைப்பை மடித்தார், விரித்தார்.

"இன்னும் முத்தட்டும் எண்டு விட்டால்?"

"கனகாலம் விடக்கூடாது. அளவுக்கு மிஞ்சி முத்தினால் ஒரு நாளைக்குக் கண் சிவந்து நோகும், கண்ணுக்குள்ளை அமுக்கம் ஏறும். பிறகு வெட்டி எடுத்தாலும் பார்வை வராமல் போகலாம்."

இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால் படலையடியில் சுகிர்தம் நிற்கிறார். கையில் கொய்யாப்பழப் பை, முகத்தில் சிரிப்பு.

"அக்கா, ஒரு விசயம் சொல்ல வந்தனான். கண் டொக்டர் எனக்கு ஒப்பரேசனுக்குத் திகதி தந்தவர். நான் போகேல்லை. உங்களுக்குக் கேட்ட ஜெபம் எனக்குக் கேக்காதோ? முருங்கையிலையை ரெண்டு நேரமாக்கிப் போட்டன்."

 ரீச்சருக்குத் தன் மானம் போவது ஒரு விதம். தன் வாயால் இன்னொருத்தியின் கண் போவது என்றால்? சுகிர்தத்தின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், டொக்டர் சொன்னதை நுங்கு முதல் அமுக்கம் வரை ஒன்றும் விடாமல் சொன்னார்.

சுகிர்தம் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ரீச்சரின் தோளைத் தடவினார்.

"இது சோதனை, அக்கா. விசுவாசம் தளருற நேரம் எல்லாருக்கும் வரும். உங்களுக்காக நான் ஜெபிக்கிறன்."

"சுகிர்தம், நான் சொன்னது பிழை எண்டு நானே சொல்லுறன்."

"உங்கடை சாட்சியை நான் என்ரை காதாலை கேட்டனான். அதை மறுக்க உங்களாலையும் ஏலாது," என்று சொல்லிவிட்டு, கொய்யாப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, வாசல் நிலையில் தோள் இடிபட வெளியே போனார்.

கிளரன்ஸ் குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்தார். "உம்மடை படிப்பிப்பிலை ஒரு குறையுமில்லை," என்றார். "ஒருக்காச் சொன்னால் அழியாது."

"பகிடியை விடுங்கோ. நான் வெட்டிப் போட்டு வந்து நிண்டு காட்டினால்தான் உவ நம்புவா. திகதி எப்ப?"

*

சத்திரசிகிச்சை நடந்தது வைகாசியில். கண்ணுக்குக் கீழே ஊசி போட்டுக் கண்ணை மரக்கச் செய்தார்கள். ஆளுக்கு நினைவு தப்பவில்லை. "அசையாமல் படுங்கோ," என்ற டொக்டரின் குரல் கேட்டது, ஏதோ தொடுவது தெரிந்தது, நோவு இல்லை. ரீச்சர் மனதுக்குள் ஆறுதலான பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். ஏழாவது பாட்டின் மூன்றாம் சரணத்தில் வில்லையை எடுத்துத் தையலும் போட்டுக் கண்ணைக் கட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி விடுதியில் தாதி வந்து பக்கத்தில் நின்றார்.

"ரீச்சர், என்னைத் தெரியுதோ? செல்வநாயகி. உங்களிட்டைப் பாட்டுக்கு மூண்டு தவணையும் பெயில் விட்டனான்."

"குரல் இன்னும் அப்பிடியேதான் இருக்கு," என்றார் ரீச்சர், மல்லாந்து படுத்தபடி.

"இருக்கட்டும். இப்ப நான் ரீச்சர். இருமக்கூடாது, தும்மக்கூடாது, முக்கக்கூடாது, குனியக்கூடாது, தலையிலை தண்ணி வாக்கக்கூடாது. திருப்பிச் சொல்லுங்கோ."

ரீச்சர் திருப்பிச் சொன்னார். இரண்டாம் தரம் சொன்ன பிறகே செல்வநாயகி சித்தியடைய விட்டார்.

ஆறு கிழமைக்குக் குனியக்கூடாது என்றதில் வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. குண்டுவீச்சுக்கு ஒளிய வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் குனியாமல் இறங்க முடியாது. மேலே பிளேன் வந்தால் பங்கரோ கண்ணோ, இரண்டில் ஒன்றுதான். கிளரன்ஸ் ஒரு பலகையைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரீச்சரின் நீளத்தை அளந்து வந்தார். நாலு நாள் மண்வெட்டியோடு நின்று வாசலை ஒன்றரை அடி ஆழமாக்கி, ஐந்து படியும் வெட்டி, நிமிர்ந்த தலையோடு ஒரு பெண்பிள்ளை இறங்கிப் போகிற பங்கராக்கிவிட்டார். "ராணி மாதிரி இறங்கலாம்," என்றார். ரீச்சர் இரண்டு தரம் அப்படித்தான் இறங்கினார்.

ஆடி மாதம் கண்ணாடி வந்தது. எடுத்த வில்லை செய்த வேலையை இனி இந்தக் கண்ணாடிதான் செய்ய வேண்டும்; அதனால் சோடாப் போத்தலின் அடியைப் போலத் தடிப்பு. வெட்டாத மற்றக் கண்ணை மறைத்துவிட்டிருந்தார்கள். போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது வாசலில் நின்ற கிளரன்சை.

"என்ன உது, நீலச் சட்டை? எப்ப வாங்கினனீங்கள்?"

"உது வெள்ளைச் சட்டை."

ரீச்சர் கொடியைப் பார்த்தார். நாலு சட்டை, இரண்டு வேட்டி, ஒரு தலையணை உறை. எல்லாம் நல்லூர்க் கோயில் கோபுரத்துக்கு மேலே தெரிகிற வானத்தின் நிறத்தில் ஆடின. முத்திய வில்லை ஒரு வருடமாக எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டியிருக்கிறது. அவர் அந்த மஞ்சளை நீலம் விட்டுத் துரத்தியிருக்கிறார்.

"ஒரு வருசம் உதோடையோ சேர்ச்சுக்கு வந்தனீங்கள்? ஏன் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை?"

"போதகர் கேட்டவர். நேர்த்திக்கடனோ எண்டு," என்றார் கிளரன்ஸ்.

ரீச்சர் சிரித்த சிரிப்பை, தும்மக்கூடாது என்ற செல்வநாயகி கண்டிருந்தால் அவரை மறுபடி பெயிலாக்கியிருப்பார்.

கண்ணாடி உடனே கைவசப்படவில்லை. எல்லாம் பெரிதாகவும் கிட்டவாகவும் தெரிந்தது. தேத்தண்ணிக் கோப்பைக்கு நீட்டிய கை அரைச் சாண் முன்னாலேயே வெறுங்காற்றைப் பிடித்தது. நேரான நிலைக்கம்பு வில்லாய் வளைந்தது. பக்கத்தில் வருகிற ஆள் ஓரிடத்தில் மறைந்து, திடீரென்று மூக்குக்கு முன்னால் முளைத்தார். ஓர்கன் புத்தகத்தின் ஐந்து கோடுகளும் காற்றில் ஆடும் கொடிக்கயிறு போல இருந்தன. கண்ணைத் திருப்பாமல் தலையைத் திருப்பிப் பார்த்தால் கோடு நேராகிறது என்று நாலாம் நாள் கண்டுபிடித்தார். அதன் பிறகு கோழி இரை பொறுக்குகிற தினுசில் தலையை வெட்டி வெட்டி வாசித்தாலும், மூன்று மூன்றாகவும் எட்டு எட்டாகவும் இருந்தன.

*

ஆவணிக் கூட்டத்தில் ரீச்சர் எழுந்து நின்றார். அந்தக் கண்ணாடியைக் கண்டதும் மண்டபம் குசுகுசுத்தது.

"போன வருசம் இதே இடத்திலை நிண்டு ஒரு சாட்சி சொன்னனான். அதிலை பிழை இருக்கு. ஆண்டவர் எனக்கு நன்மை செய்தது பொய்யில்லை. ஆனா அவர் செய்ய முந்தி நான் சொல்லிப்போட்டன்."

பிறகு நுங்கின் கதையைச் சொன்னார். ஊசி எறும்பு கடிச்ச மாதிரி என்றார். ஏழு பாட்டு நேரத்தில் எல்லாம் முடியும் என்றார். பூசணிக்காயின் அடக்கத்தை அவரே சொன்னபோது, ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் பெண்கள் ஒரே மூச்சில் சிரித்துத் தீர்த்தார்கள்.

"அப்ப முருங்கையிலை, ரீச்சர்?" என்று போதகரின் மனைவி கேட்டார்.

"கறிக்கு நல்லது. முத்தின வில்லையை அது கரைக்காது."

சுகிர்தம் எழும்பினார். முகம் சிவந்திருந்தது.

"அப்ப ஒண்டரை வருசமா என்ரை மனுசன் வேறை கறியைக் கண்ணாலை காணேல்லை. றிச்சர்டுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"நான் வந்து சொல்லுறன். மீன் கறியோடை வாறன்."

"போன முறையும் இப்பிடித்தான் நிண்டு சொன்னியள், வாசிச்சும் காட்டினியள். நாங்களும் நம்பினம்."

"போன முறை கிட்ட வாசிச்சனான். இண்டைக்கு எட்டத்திலை கேளும்."

சுகிர்தம் மண்டபத்தின் மறுகோடியில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். ரீச்சர் தலையைத் திருப்பி, அச்சகத்தின் பெயர், தெரு, இலக்கம் எல்லாம் வாசித்தார். கலண்டருக்குக் கீழே இருந்த பெண் எழும்பிச் சரிபார்த்து, "சரி, சரி," என்றாள். சுகிர்தம் இன்னும் நின்றார். ரீச்சர் அவரருகே போய்க் காதோடு சொன்னார்:

"உம்மடை சீலை உள்வெளி மாறிக் கிடக்குது."

சுகிர்தம் கரையைத் தடவிப் பார்த்தார். தையல் வெளியேதான் இருந்தது. "எல்லாருக்கும் தெரியுதோ?"

"தெரியும். ஆரும் சொல்ல மாட்டினம். நான் என்ரை மனுசனை ஒரு வருசம் நீலமாக்கி அனுப்பினனான், ஆர் சொன்னது?"

சுகிர்தம் வாங்கில் அமர்ந்தார். "திங்கட்கிழமை கிளினிக் இருக்குதோ?" என்றார். "நீங்கள் வரவேணும். தனியப் போகமாட்டன்."

திங்கட்கிழமை டொக்டர் சுகிர்தத்தின் கண்ணைப் பார்த்துவிட்டு, இன்னும் காலம் தப்பவில்லை என்றார். அதைக் கேட்ட பிறகுதான் ரீச்சருக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கியது. பத்து நாளில் திகதி கிடைத்தது. சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே ரீச்சரும் றிச்சர்டும் வாங்கில் இருந்தார்கள். ரீச்சர் மீன் கறி கொண்டுபோய்க் கொடுத்திருந்தும் றிச்சர்டுக்கு இன்னும் மனம் முழுதாய் ஆறவில்லை. ரீச்சர் மடியில் விரலால் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார். எட்டாவது பாட்டில் கதவு திறந்தது.

தள்ளுகட்டிலில் சுகிர்தம் கண் கட்டோடு மல்லாந்து கிடந்தார். தலை அசையவில்லை, வாய் அசைந்தது.

"அக்கா நிக்கிறாவோ?"

"ஓம், சுகிர்தம், பக்கத்திலைதான் நிக்கிறன்."

"டொக்டர் நல்லாய் வந்திருக்கெண்டு சொன்னவர்."

"அவர் சொன்னால் சரியாயிருக்கும்."

"ஆனா உங்கடை சாட்சியிலை ஓரிடம் இன்னும் பிழை. ஊசி எறும்பு கடிச்ச மாதிரி இல்லை. குளவி."

றிச்சர்ட் அன்று முதல் தரமாகச் சிரித்தார். ரீச்சர் தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"அதை அடுத்த கூட்டத்திலை நீர் எழும்பிச் சொல்லும்," என்றார். "இப்ப வாயை மூடிக்கொண்டு படும், தையல் போட்டிருக்கு."